புள்ளி அணையும் நேரம்

2026 பிப்ரவரியில் ஒரு மாலை. ரமலான் பிறை பார்க்க, பேரணாம்பட்டில் எங்கள் தெருவின் மொட்டை மாடிகள் நிறைந்திருந்தன. மஃரிப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். மேற்கே சிவப்பு வடிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, விரலை நீட்டி நீட்டிப் பிறையைத் தேடினார்கள். எல்லா முகங்களும் மேற்கைப் பார்த்திருந்தன. பக்கத்து வீட்டு பாய் மட்டும் கழுத்து வலிக்கிறதென்று திரும்பினார். கிழக்கே பாதி வானம் ஏறி, அசையாமல் ஒரு வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது.

“தம்பி, அது இன்னா? இன்னும் சரியா இருட்டக்கூட இல்ல, அதுக்குள்ள இவ்ளோ வெளிச்சமா கீதே?”

“வியாழன், பாய்.”

“முஷ்தரியா?” என்றார். உருதுவில் வியாழனுக்கு அதுதான் பெயர். “எங்க தாதா சொல்லிக் கேட்டிருக்கேன். இதுதான்னு யாரும் காட்டினது இல்ல.”

பிறைக்காகக் கொண்டுவந்திருந்த பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். ஒரு தோலை விரித்தால் உண்ணி கடித்த தழும்பு எங்கே, முள் கிழித்த கோடு எங்கே என்று கண் தானாகப் போய் நிற்கும். அந்தக் கண்ணுக்கு வியாழனைவிட அதன் பக்கத்தில் இருந்தவைதான் முதலில் பட்டன.

“பக்கத்துல புள்ளி புள்ளியா கீது. உப்புத் தூள் சிந்தின மாதிரி. கண்ணாடியில அழுக்கா?”

இதைவிட நல்ல கேள்வியை ஒரு வானியல் வகுப்பில்கூட எதிர்பார்க்க முடியாது. பைனாகுலரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு என்றால் கருவியோடு சேர்ந்து அதுவும் சாயும். சாய்த்துப் பார்த்தார். புள்ளிகள் சாயவில்லை. நான்கும் வியாழனின் இரு பக்கமும் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் இருந்தன.

மறுநாள் மாலை அவரே மாடியேறி வந்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: “நேத்து நாலு இருந்துச்சு. இன்னிக்கு மூணுதான் கீது. ஒண்ணு எங்க போச்சு?”

ஒரு புள்ளி எங்கே போனது, எப்போது போனது, எப்படிப் போனது? இந்தக் கேள்விதான் ஒளியின் வேகத்தை அளக்க வைத்தது. சென்னையை வரைபடத்தில் அதன் இடத்தில் உட்கார வைத்தது. நம் ஊரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே, ஜவ்வாது மலைக் காட்டுக்குள் இருக்கும் காவலூரில், 1972-ல் ஓர் இரவு முழுக்க ஆட்களைக் கண்விழிக்க வைத்ததும் இதே கேள்விதான்.

முதலில் வியாழனை அடையாளம் கண்டுகொள்வோம். மாலையில் மேற்கே பளிச்சென்று எரிவது பெரும்பாலும் வெள்ளி. அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. அதனால் அந்திக்குப் பிறகு சில மணி நேரம் மேற்கிலோ, விடியலுக்கு முன் கிழக்கிலோதான் அதைப் பார்க்க முடியும். நள்ளிரவில் உச்சி வானத்தில், கண் சிமிட்டாமல், பால் கலந்த மஞ்சளாக ஒன்று நின்றால் அது வெள்ளியாக இருக்க வழியில்லை; பெரும்பாலும் வியாழன்தான். விண்மீன்கள் சிமிட்டுகின்றன, கோள்கள் அவ்வளவாகச் சிமிட்டுவதில்லை. விண்மீன் ஒற்றைப் புள்ளியாக இருப்பதால் காற்றின் ஒவ்வொரு அசைவும் அதைத் தட்டிவிடுகிறது. கோளுக்குச் சிறு வட்டமாவது உண்டு. அந்த வட்டத்தின் ஓர் ஓரம் மங்கும்போது இன்னோர் ஓரம் ஈடுகட்டிவிடும்.

நமக்கு வியாழன் அந்நியம் இல்லை. குருப்பெயர்ச்சி என்றால் கோயில்களில் கூட்டம், இதழ்களில் இணைப்பு, பன்னிரண்டு ராசிக்கும் பலன். அந்தப் பலன்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பெயர்ச்சி நடப்பது உண்மை. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றி வர 11.86 ஆண்டு ஆகிறது. ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ ஓர் ஆண்டு. கும்பகோணத்தில் மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவதும் வியாழன் சிம்மத்துக்குத் திரும்புவதை வைத்துத்தான். 2016 பிப்ரவரி 22-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். இந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் அண்ணாந்து பார்த்தவர்கள். அவர்கள் போட்ட கணக்கை நாம் வைத்துக்கொண்டோம், அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டோம். குரு எந்த ராசியில் இருக்கிறார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம் தெருவில் பத்துப் பேர் இருப்பார்கள். குரு எங்கே இருக்கிறார் என்று கை நீட்டிக் காட்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிகம். எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

இனி பாய் கேட்ட கேள்வி. அந்த நான்கு புள்ளிகளும் வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள். உள்ளிருந்து வெளியே அயோ, யூரோப்பா, கானிமீட், காலிஸ்டோ. வியாழனுக்கு இப்போது 90-க்கும் மேற்பட்ட நிலாக்கள் கணக்கில் உள்ளன. இந்த நான்கைத் தவிர மற்றவை நம் வீட்டுக் கருவிகளில் அகப்படாது. 1610 ஜனவரி 7-ஆம் தேதி இத்தாலியின் பதுவாவில் கலிலியோ ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் பார்த்தபோது முதலில் மூன்றுதான் தெரிந்தன. அவற்றைப் பின்னால் இருக்கும் விண்மீன்கள் என்றே நினைத்தார். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருந்தன. அடுத்தடுத்த இரவுகளில் எண்ணிக்கையும் மாறியது. ஒரு வாரத்துக்குள், இவை வியாழனைச் சுற்றுகின்றன என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வானில் உள்ள எல்லாமே பூமியைத்தான் சுற்றவேண்டும் என்ற பழைய நம்பிக்கைக்கு, கண்ணால் பார்க்கக்கூடிய மறுப்பு அன்றுதான் கிடைத்தது.

அயோ வியாழனைச் சுற்ற 42 மணி நேரம் 28 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. யூரோப்பாவுக்கு மூன்றரை நாள், கானிமீடுக்கு ஏழு நாளும் சில மணியும், காலிஸ்டோவுக்குப் பதினாறே முக்கால் நாள். முதல் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கானிமீட் ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் யூரோப்பா இரண்டு சுற்று, அயோ நான்கு சுற்று. தவில்காரர் ஒரு தாளத்துக்குள் இரட்டிப்பும் நாலிரட்டிப்பும் வாசிப்பதுபோல, கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்தக் கணக்குப் பிசகாமல் நடக்கிறது. இந்த ஒழுங்குக்கு அயோ கொடுக்கும் விலை பெரியது. யூரோப்பாவும் கானிமீடும் முறை வைத்து இழுப்பதால் அயோவின் பாதை சரியான வட்டமாக முடியவில்லை. வியாழனுக்குக் கொஞ்சம் அருகே போய், கொஞ்சம் விலகி, மறுபடி அருகே வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் ஈர்ப்பு அதைப் பிசைந்து பிசைந்து விடுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைக்கும் இடம் சூடேறுமே, அதுபோல உள்ளே சூடேறி, அயோ முழுக்க எரிமலைகள். 1979-ல் வாயேஜர் 1 விண்கலம் எடுத்த படங்களில் அவை வெடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

நான்கும் ஏன் ஒரே கோட்டில் தெரிகின்றன? அவை சுற்றும் தளத்தை நாம் கிட்டத்தட்ட ஓரத்திலிருந்து பார்க்கிறோம். ஒரு தட்டை மேலிருந்து பார்த்தால் வட்டம். கண் மட்டத்துக்குத் தூக்கி ஓரத்தைப் பார்த்தால் கோடு. அந்தத் தட்டின் விளிம்பில் எறும்பு சுற்றினால், நமக்கு அது இடமிருந்து வலம் போய், திரும்பி வலமிருந்து இடம் வருவதாகத்தான் தெரியும். நிலாக்களும் அப்படித்தான். அதனால்தான் ஒன்று காணாமல் போக வழிகள் பலவாகின்றன. வியாழனுக்கு முன்னால் வந்து அதன் வெளிச்சத்தில் கரைந்திருக்கலாம். வியாழனுக்குப் பின்னால் போயிருக்கலாம். வியாழனைத் தொடாமலே, அதன் நிழலுக்குள் நுழைந்து இருண்டிருக்கலாம். இந்த மூன்றாவதுதான் கிரகணம். நம் நிலா பூமியின் நிழலுக்குள் போவதைப் போன்றதே. நமக்கு அது ஆண்டுக்கு ஓரிரு முறை. வியாழனில் அயோ ஒவ்வொரு சுற்றிலும் கிரகணம் படுகிறது. நாற்பத்திரண்டரை மணிக்கு ஒருமுறை, தவறாமல்.

தவறாமல் வருவது எதுவோ, அதைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். வானத்தில் தொங்கும் அந்தக் கடிகாரத்தை லண்டனிலிருந்தும் பார்க்கலாம், சென்னையிலிருந்தும் பார்க்கலாம். அயோ நிழலுக்குள் போகும் நொடி இரு ஊருக்கும் ஒரே நொடிதான். ஆனால் அந்த நொடியில் இரண்டு ஊரின் சூரியக் கடிகாரங்களும் வெவ்வேறு மணி காட்டும். அந்த வித்தியாசம்தான் இரண்டு ஊருக்கும் இடையிலான தீர்க்கரேகை வித்தியாசம். நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் கட்டியபோது அதற்கு இருந்த முதல் வேலைகளில் ஒன்று இது. கடலில் கப்பல்களும் நிலத்தில் அளவைக்காரர்களும், ‘சென்னை எங்கே இருக்கிறது’ என்ற கேள்விக்குத் துல்லியமான பதில் கேட்டார்கள். ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் வியாழனின் நிலாக்கள் அணைவதையும் மீண்டும் எரிவதையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். அவர் கண்ட விடை: கிரீன்விச்சிலிருந்து 5 மணி 21 நிமிடம் 9.4 விநாடி. தீர்க்கரேகையில் 80 பாகையும் ஏறத்தாழ 17 கலையும். இன்று செயற்கைக்கோள் வைத்து அளக்கும் மதிப்போடு ஒப்பிட்டால் பிழை பத்து விநாடிதான், தரையில் சுமார் நாலரை கிலோமீட்டர். 65 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளி அணைவதைக் கண்ணால் பார்த்து, பூமியில் ஓர் ஊரை நாலரை கிலோமீட்டருக்குள் பிடித்துவிட்டார்கள். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கு இந்த ஆய்வகமே தொடக்கப் புள்ளி.

அந்தப் பத்து விநாடி ஏன் பிசகியது என்பதிலும் பாடம் இருக்கிறது. அயோ 3,600 கிலோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள உருண்டை. நிழலுக்குள் அது முழுசாக நுழைய மூன்றரை நிமிடம் வரை ஆகும். சுவிட்சைத் தட்டியதுபோல அணையாது. திரி குறைந்து குறைந்து விளக்கு அணைவதுபோல மங்கும். பெரிய கண்ணாடி உள்ளவருக்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாகத் தெரியும். சிறிய கருவிக்காரர் முன்பே ‘அணைந்துவிட்டது’ என்று எழுதிவிடுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இதே கடிகாரம் அதற்கு முன்பே ஒரு பெரிய உண்மையைச் சொல்லியிருந்தது. பாரிசில் ஓலே ரோமர் என்ற டென்மார்க்காரர், பூமி வியாழனை நெருங்கும் மாதங்களில் அயோவின் கிரகணங்கள் கணக்குக்கு முந்தியும், விலகும் மாதங்களில் பிந்தியும் வருவதைக் கவனித்தார். அயோ பிசகவில்லை, அதன் ஒளி நம்மிடம் வந்து சேர எடுக்கும் நேரம்தான் கூடிக் குறைகிறது என்று 1676-ல் அறிவித்தார். ஒளிக்கு வேகம் உண்டு, அது அளக்கக்கூடியது என்பதற்கு முதல் சான்று அதுதான். பூமியின் பாதையை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை கடக்க ஒளிக்குப் பதினாறரை நிமிடம் ஆகிறது. வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதுகூட நாம் பார்ப்பது அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 35 நிமிடத்துக்கு முந்தைய வியாழனை.

பேரணாம்பட்டையே இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். நாம் சென்னைக்கு மேற்கே ஒன்றரை பாகை. அதாவது சூரியன் சென்னை உச்சிக்கு வந்து ஆறு நிமிடம் கழித்துத்தான் நம் உச்சிக்கு வரும். நம் கைக்கடிகாரம் காட்டும் இந்திய நேரத்துக்கும் நம் ஊரின் உண்மையான உள்ளூர் நேரத்துக்கும் சராசரியாக 15 நிமிட இடைவெளி. தொழுகை நேர அட்டவணையைச் சென்னைக்கு ஒன்றும் நமக்கு ஒன்றுமாகப் போடுவது இதனால்தான்.

இனி காவலூர். ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போகவேண்டும். ஆலங்காயம் தாண்டி மலை ஏறினால், கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில், சந்தன மரங்களுக்கு நடுவே வெள்ளைக் கூண்டுகள் தெரியும். கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வைனு பாப்பு, நகர வெளிச்சம் இல்லாத, வடவானமும் தென்வானமும் சேர்ந்து தெரியும் ஓரிடத்தைத் தேடி இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். கொடைக்கானலில் தாங்களே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு 1960-களின் இறுதியில் இங்கே வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் விட்டமுள்ள கார்ல் ஸைஸ் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

அது நிறுவப்பட்ட சூடு ஆறுவதற்குள் ஒரு வாய்ப்பு. 1972 ஜூன் 7-ஆம் தேதி வியாழனின் மிகப் பெரிய நிலாவான கானிமீட், வெகு தொலைவில் உள்ள எஸ்.ஏ.ஓ. 186800 என்ற எட்டாம் ஒளித்தர விண்மீன் ஒன்றை மறைக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். நிலா கிரகணத்தில் நிலாவே இருளும். இங்கே நிலா ஒரு திரையாகி, பின்னால் இருக்கும் விண்மீனை மறைக்கிறது. அந்த விண்மீனின் ஒளியில் கானிமீடின் நிழல் பூமிமேல் விழுகிறது என்று சொன்னாலும் சரி. விண்மீன் மிக மிகத் தொலைவில் இருப்பதால் அந்த நிழல் சிறுக்கவோ பெருக்கவோ செய்யாது. கானிமீட் எவ்வளவு அகலமோ நிழலும் அவ்வளவு அகலம். அது பூமியைக் கடந்து ஓடும் வழியில் இரண்டு இடங்களில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒன்று காவலூர். இன்னொன்று இந்தோனேசியாவின் ஜாவா தீவில் லெம்பாங். இடையில் ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர்.

வேலை எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த விண்மீனைவிட கானிமீட் இருபது மடங்குக்கு மேல் பிரகாசம். இரண்டும் ஒட்டி நிற்கும்போது வரும் மொத்த ஒளியில் விண்மீனின் பங்கு சில சதவீதம்தான். பக்கத்திலேயே வியாழன் கண்ணைப் பறிக்கிறது. இவற்றுக்கிடையே அந்தச் சில சதவீதம் எப்போது விலகியது என்று மட்டும் தெரிந்தால் போதாது. எப்படி விலகியது என்றும் ஒளியை அளக்கும் கருவி சொல்லவேண்டும். காற்றே இல்லாத வெறும் பாறை விண்மீனை மறைத்தால் ஒளி கத்தி கொண்டு வெட்டியதுபோல நிற்கும். பாறையைச் சுற்றிக் காற்று இருந்தால், விண்மீனின் ஒளி அந்தக் காற்றுக்குள் நுழைந்து வளைந்து, சிதறி, மெல்ல மங்கி அணையும். கோல்டிங்ஹாமுக்குத் தொல்லை கொடுத்த அதே மெல்ல மங்குதல், இங்கே தேடவேண்டிய தடயமாகிவிட்டது.

பதிவுகளில் விண்மீன் சட்டென்று அணையவில்லை. காவலூரில் பார்த்த ஜே.சி. பட்டாச்சார்யா, அமெரிக்காவின் ராபர்ட் கார்ல்சன், இந்தோனேசியாவின் பம்பாங் ஹிதாயத் உள்ளிட்டோர் சேர்ந்து 1973-ல் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை எழுதினார்கள். முடிவுகள் இரண்டு. கானிமீடின் விட்டம் ஏறத்தாழ 5,270 கிலோமீட்டர். அதன் மேல் காற்று உண்டு; தரையில் அதன் அழுத்தம் பூமிக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறையாது.

முதல் முடிவைப் பாருங்கள். பிற்பாடு விண்கலங்கள் கானிமீடின் அருகிலேயே போய் அளந்த விட்டம் 5,268 கிலோமீட்டர். புதனைவிடப் பெரிய நிலா அது. புதனின் விட்டம் 4,879 கிலோமீட்டர்தான். அந்த 1972 அளவையில் பிழைக்கு இடம் விட்டுத்தான் சொல்லியிருந்தார்கள், இவ்வளவு நெருங்கியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. இருந்தாலும் மலைமேல் இருந்துகொண்டு, ஒரு மின்மினியின் அணைப்பை வைத்து எடுத்த அளவு அது.

இரண்டாவது முடிவு அப்படி நிற்கவில்லை. 1979-ல் வாயேஜர் 1 கானிமீட் அருகே போனபோது அதுவும் ஒரு விண்மீன் மறைப்பைப் புற ஊதா ஒளியில் பார்த்தது. காற்றின் அறிகுறியே தென்படவில்லை. அப்படியே காற்று இருந்தாலும், 1972-ல் சொன்னதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவாகத்தான் இருக்க முடியும் என்றது அந்தப் பதிவு. 1990-களின் நடுவில் ஹப்பிள் தொலைநோக்கி கானிமீடைச் சுற்றி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் படலத்தைக் கண்டது. சூரிய ஒளியும் வியாழனின் கதிர்வீச்சும் கானிமீடின் பனித் தரையைத் தாக்கி உடைப்பதால் பிறக்கும் ஆக்சிஜன். 2021-ல், ஹப்பிளின் பழைய, புதிய பதிவுகளை ஒப்பிட்டு, அங்கே நீராவியும் உண்டு என்றார்கள்.

நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போது ‘கானிமீடின் காற்றைக் காவலூர் கண்டுபிடித்தது’ என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. காற்று இருக்கிறது என்று சொன்னது நடந்தது. எவ்வளவு என்று சொன்னது நடக்கவில்லை. அவர்கள் கண்ட மங்கல், இன்று நாம் அறிந்த அந்த மெல்லிய படலத்தால் வந்திருக்க முடியாது. இதை மறைத்துவிட்டுப் பெருமைப்படுவது அந்த இரவில் விழித்திருந்தவர்களுக்கே மரியாதை ஆகாது. அவர்கள் பதிவை எல்லோர் முன்னும் வைத்தார்கள். அதனால்தான் மற்றவர்கள் அதைச் சோதிக்க முடிந்தது. பாய் ‘கண்ணாடியில அழுக்கா?’ என்று கேட்டு, சாய்த்துப் பார்த்தாரே, அறிவியல் அந்தச் சாய்த்துப் பார்த்தலைத்தான் ஐம்பது ஆண்டாகச் செய்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவின் ‘ஜூஸ்’ விண்கலம் 2023 ஏப்ரல் 14-ல் கிளம்பிவிட்டது; 2031-ல் வியாழனை அடைந்து, பிறகு கானிமீடையே சுற்றும். நாசாவின் ‘யூரோப்பா கிளிப்பர்’ 2030-ல் போய்ச் சேரும்.

காவலூருக்கு இந்த வித்தை கைவந்துவிட்டது. 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதே ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பார்த்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரிந்த அந்த நிகழ்வில் காவலூரின் பதிவும் ஒன்று. 1986 ஜனவரியில் 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டபோது ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைனு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை; 1982-லேயே காலமாகியிருந்தார்.

வியாழனின் நிலாக்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதும் உண்டு. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, நான் சொன்ன அந்தத் தட்டு நமக்கு மிகச் சரியாக ஓரமாகத் திரும்பும். அப்போது அயோ யூரோப்பாவின் மேல் நிழல் போடும். கானிமீட் காலிஸ்டோவை மறைக்கும். இரண்டு புள்ளிகள் நெருங்கி, ஒன்றாகி, சில நிமிடம் மங்கி, மறுபடி பிரியும். அந்த நிமிடங்களைக் குறித்துவைத்தால் நிலாக்களின் பாதையைப் பெரிய கருவிகளுக்கு நிகராகத் திருத்தலாம். 1991-ல் காவலூரிலிருந்து எடுத்த இத்தகைய பதிவுகளை ஆர். வசுந்தரா ஆராய்ந்து கட்டுரை எழுதினார். இந்த வேலையில் சொந்தச் செலவில் சின்னத் தொலைநோக்கி வாங்கிய ஆர்வலர்களின் பதிவுகளும் உலகெங்கும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றன. அந்தப் பருவம் மறுபடி 2026-இன் கடைசியிலும் 2027-இன் தொடக்கத்திலும் வருகிறது.

பார்க்க என்ன வேண்டும்? ஒரு பைனாகுலர் போதும். ஏழு மடங்கோ பத்து மடங்கோ, முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. கையால் பிடித்தால் புள்ளிகள் துள்ளும். சுவரில் ஊன்றுங்கள், அல்லது மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு நெஞ்சில் முட்டுக் கொடுங்கள். காலிஸ்டோவும் கானிமீடும் எளிதில் தெரியும்; யூரோப்பா விலகி நிற்கும் இரவில் தெரியும்; அயோவுக்குப் பொறுமை வேண்டும். நான்கிலும் பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் கானிமீட், வெகுதூரம் தள்ளிப் போவது காலிஸ்டோ. 40 மடங்கு பெருக்கும் சின்னத் தொலைநோக்கி கிடைத்தால், வெறும் கண்ணுக்கு நிலா எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக வியாழன் தெரியும். மத்தியில் இரண்டு பழுப்புப் பட்டைகள், மேலும் கீழும் சற்றே தட்டையான வட்டம். பத்து மணிக்கும் குறைவான நேரத்தில் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடும் வேகத்தில் இடுப்பு பிதுங்கி, உச்சி அமுங்கியிருக்கிறது. ஒரு நோட்டில் தினமும் வட்டம் ஒன்று போட்டு, இரு பக்கமும் புள்ளி வையுங்கள். தேதியும் மணியும் எழுதுங்கள். பதினேழு நாளில் காலிஸ்டோ ஒரு சுற்று முடித்துத் திரும்பிவிடும். பாய் தன் பேத்தியின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை இதற்கு எடுத்துக்கொண்டார்.

நம் ஊருக்கு இதில் ஒரு சலுகை. நாம் பூமத்திய ரேகைக்கு 13 பாகை வடக்கே இருக்கிறோம். 2027 தொடக்கத்தில் வியாழன் நம் உச்சந்தலைக்கு ஏறக்குறைய நேர் மேலே கடக்கும். உச்சியில் நிற்கும்போது அதன் ஒளி கடந்துவரும் காற்று மிகக் குறைவு, உருவம் கலங்காது. லண்டன்காரருக்கு வியாழன் ஒருநாளும் உச்சிக்கு வராது.

கெடுப்பது ஒன்றே ஒன்று, மேல் நோக்கிச் சிந்தும் வெளிச்சம். தொழிற்கூட வாசல்களிலும் தெருமுனைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் வானத்தைப் பார்த்து எரியும் விளக்குகள் நம் மாடிகளை மட்டும் கெடுக்கவில்லை. பாலாற்றங்கரை ஊர்களின் ஒளிமூட்டம் ஜவ்வாது மலைவரைக்கும் எட்டுகிறது. விளக்குக்கு மேலே ஒரு தகர மூடி போட்டால் தரைக்கு வெளிச்சம் கூடும், வானத்துக்குக் குறையும், மின்சாரமும் மிஞ்சும். காவலூரை நாம் காப்பாற்ற இதுதான் வழி. உங்கள் வீட்டு வாசல் விளக்கிலிருந்தே தொடங்கலாம்.

2027 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. சூரியன் மேற்கே விழும் நேரத்தில் அது கிழக்கே எழும். அடுத்த ரமலான் பிறையும் அந்த நாட்களை ஒட்டியே வரும். பிறையைப் பார்த்து முடித்ததும் மாடியிலிருந்து இறங்கிவிடாதீர்கள். அப்படியே திரும்பி நின்று, கிழக்கே தாழ்வாக ஏறிவரும் அந்த வெளிச்சத்தின் பக்கத்தில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.